மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் நாங்கள் போட்ட படம்

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒரு வாசகர், "ஆவணப்படத்தைத் தூக்கிக்கொண்டு வேலூர், ஆம்பூர்ப் பக்கம் போய் வந்தீர்களாமே, நாங்களும் போகலாம் என்றிருக்கிறோம், கொஞ்சம் விவரம் சொல்லுங்கள்" என்று மின்னஞ்சல் போட்டிருந்தார். விவரம் சொல்கிறேன். கூடவே என் வயிற்றெரிச்சலையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது 2007 ஆகஸ்டில். என் நண்பன் குணா ஐம்பது நிமிடத்துக்கு ஓர் ஆவணப்படம் எடுத்து முடித்திருந்தான். ப்ரொஜெக்டர் என்னுடையது, அதனால் என்னையும் கூப்பிட்டான். நட்பு என்று நினைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

படம் கடவுளைப் பற்றியதல்ல. கடவுளை நிர்வாகம் செய்கிற கமிட்டிகளைப் பற்றியது. கோயிலுக்கு ஒருவர் மின்விசிறி வாங்கிக் கொடுத்து இறக்கைகளில் தன் பெயரை எழுதிவைத்திருப்பார். சுற்றினால் பெயர் தெரியவில்லை என்பதால், விசேஷ நாட்களில் விசிறியைப் போடக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போடும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அண்டாவை முதலில் யார் கிளறுவது என்று கூட்டம் நடக்கும். முடிவு வருவதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிடும். சர்ச்சில் அறுப்புப் பண்டிகை ஏலம். தெரியாதவர்களுக்கு: சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிற பூசணி, முட்டை, கோழி எல்லாவற்றையும் அன்று ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

அந்த ஏலத்தைப் பற்றிப் படத்தில் பேசுபவர் ஸ்டெல்லா அக்கா. மாதனூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. கணவர் இறந்து வருடங்களாகிவிட்டன, ஒரே மகள் கிரேஸி. அக்கா கேமராவைப் பார்த்துத் தொண்டையை இரண்டு முறை செருமிவிட்டு, சபைச் செயலாளர் ஏலம் கேட்கிற மாதிரியே பேசிக் காட்டுவார். "நூத்தம்பது ரூவா கோழி. செக்ரட்டரி அம்பதுன்னு கேட்டாரு. அவருக்கு மேல எவன் கேப்பான்? ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! ஆண்டவருக்குன்னு வளத்தேன், செக்ரட்டரி வூட்டு கொழம்புல போயிட்சி. ஆண்டவருக்கு வாசனையாவது போயிருக்கும்."

எடுக்கும்போது குணா அவரிடம், "இது வெளியூர்லதான் ஓடும்க்கா" என்று சொல்லியிருந்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோயம்பேட்டில் பஸ் ஏறினோம். வேலூருக்கு டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய், மூன்றரை மணி நேரம். ப்ரொஜெக்டர் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "இன்னா சார் உள்ள?" என்றார். "படம் காட்டற மிஷின்" என்றேன். "இன்னா படம்? சாமி படமா?" என்றார். ஒருவகையில் ஆமாம் என்றேன். லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார். இந்தப் பயணத்தில் மதத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

வேலூரில் ஒரு மாடி ஹாலில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரையிடல். ஆசிரியர்கள், நர்சுகள், ஆபீஸ் ஊழியர்கள் என்று அறுபது பேர் இருக்கலாம், பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். விசிறிக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஞ்சி அடிப்பிடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோழி வந்ததும் ஹாலில் இருமல் சத்தம்தான் கேட்டது. விளக்கைப் போட்டதும் ஒரு டீச்சர் எழுந்து, "எல்லாம் சரி சார், ஆனா எங்கள மட்டும் ஏன் குறிவெச்சு அடிக்கறீங்க?" என்று கேட்டார்.

இரவு லாட்ஜில் தங்கினோம், இருவருக்கும் சேர்த்து இருநூற்றைம்பது. மூட்டைப்பூச்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை.

சனிக்கிழமை காலை குடியாத்தம். வேலூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், பஸ் அடிக்கடி உண்டு. லுங்கி நெய்கிறவர்கள் சங்கத்தின் கூடத்தில் திரையிட்டோம். வந்தவர்கள் பெரும்பாலும் நெசவாளர்கள், ஓரமாக இரண்டு முஸ்லிம் வியாபாரிகள். இங்கே கோழிக்குச் சிரிப்பு, கஞ்சிக்குச் சிரிப்பு, விசிறிக்கு மௌனம். வியாபாரிகளில் ஒருவர் விசிறிக்கும் கோழிக்கும் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, கஞ்சி வந்ததும் செருப்பைத் தேடினார். வெளியே போகும்போது என்னிடம், "இன்னா தோஸ்த், எங்கள மட்டும் ஜாஸ்தி போட்டிருக்கீங்க?" என்றார். பின்னாலேயே சங்கத் தலைவர் வந்தார். "எங்க கோயில மட்டும்தான் கிண்டல் பண்ணத் தோணுச்சா?" என்றார். முதல் நாள் டீச்சர் கேட்ட கேள்விதான். மூன்று மதத்துக்கும் ஒரே கேள்வித்தாளை யாரோ கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது. மத ஒற்றுமை என்பது இதுதானோ என்னவோ.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது குணாவின் செல்போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா. அன்று சாயங்காலம் அவர் கிராமத்திலேயே படம் போடுவதாக இளைஞர் மன்றத்துப் பையன்கள் சுவரில் எழுதிப்போட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். குணா ஸ்பீக்கரைப் போட்டான், நானும் கேட்டேன்.

"தம்பி, நம்ம ஊர்லயேவா போடறீங்க? நாளைக்கி கிரேஸிக்கி மூணாவது ஓலை. அது ஒண்ணு முடிஞ்சிட்சின்னா எத்தினி தடவ வேணும்னாலும் போட்டுக்க. அடுத்த வாரம் வெச்சிக்கக் கூடாதா?"

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். ஏற்கனவே கல்யாணமானவன், முறை தப்பிய உறவு, இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. மூன்றாவது ஓலை தாண்டிவிட்டால் கல்யாணம் உறுதி. கிரேஸிக்கு மாப்பிள்ளை ஆலங்காயத்துப் பையன். அந்தச் சம்பந்தம் அமைவதற்குள் அக்கா நாய்படாத பாடு பட்டிருந்தார்.

"அக்கா, திங்கக்கிழமை பெங்களூர்ல போடணும், தேதி மாத்த முடியாது. உங்க பேரு எங்கயுமே வரல, மூஞ்சிகூட சைடுலதான் தெரியும். பேஜார் ஆவாதீங்க" என்று சொல்லி குணா வைத்துவிட்டான்.

அடப்பாவி! சொந்த ஊரில் ஒருத்தியை அடையாளம் காண மூஞ்சி எதற்கு? பஸ் ஸ்டாண்டிலேயே அவனோடு கத்தினேன். "மக்கள் படத்த மக்கள்கிட்ட காட்டாம வேற எங்க காட்டறது?" என்றான். இந்த மாதிரி வசனங்களுக்கு அவனிடம் பஞ்சமே இருந்ததில்லை.

குடியாத்தத்திலிருந்து மாதனூருக்கு டவுன் பஸ், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அங்கிருந்து கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு ஐந்து ரூபாய். வழியில் பாலாறு வரும். தண்ணீரைத் தேடாதீர்கள், காற்றில் வருகிற தோல் வாடைதான் இருக்கும். கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, ஆறரை மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வேட்டி கட்டிப் படத்தைப் போட்டோம். ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சபைச் செயலாளர். ஸ்டெல்லா அக்கா கடைசியில், சுவரோரமாக மகளோடு நின்றுகொண்டிருந்தார்.

விசிறிக்குச் செயலாளர் கைதட்டினார். கஞ்சிக்கு நாற்காலியே ஆடியது. பிறகு திரையில் அக்கா வந்து தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் கம்பெனிப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள், பிறகு மொத்தக் கூட்டமும் வெடித்தது. செயலாளரும் சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகவே சிரித்தார். படம் முடிந்ததும் குணாவின் கையைப் பிடித்து, "நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. சிரிச்சி சிரிச்சி வயிறே நோவுது" என்றார்.

"பாத்தியா? தன்னையே பாத்து சிரிக்கத் தெரிஞ்ச மனுஷன்" என்று குணா வழியெல்லாம் குதித்தான். நான் அக்காவைத் தேடினேன். மகளை இழுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தார். ஆம்பூரில் தங்கினோம். அங்கே என்ன சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? கத்திரிக்காய்த் தொக்கோடு வாங்கி, பாதியைக் குணாவிடம் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்தான் பிடிவாதமாக சர்ச்சுக்குப் போகலாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பையனின் பெரியப்பா வந்திருந்தார். போதகர் இளைஞர், வந்து சில மாதங்கள்தான். ஓலையை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்றார். செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஐயா, எனக்கு ஆட்சேபணை இருக்கு. பொண்ணோட தாயார் சபையப் பத்தி ஊரறிய பொய் பேசியிருக்காங்க. சபை முன்னாடி மன்னிப்பு கேக்காம இந்த ஓலை முடியக்கூடாது."

"இது திருமணத்துக்குத் தடை ஆவாதுங்களே" என்றார் போதகர், தனக்கே கேட்காத குரலில்.

"அப்ப கமிட்டில வெச்சி பேசிக்கலாமா?" என்றார் செயலாளர்.

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். முந்தின நாள் முந்தானையில் சிரித்த பெண்கள் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் எழுந்தேன், அக்கா உட்காரச் சொல்லிக் கை காட்டினார். முன்னே போய் நின்றார். "படத்துல நான் சொன்னது பொய். சபையார் என்ன மன்னிக்கணும்" என்றார். செயலாளர் உட்கார்ந்தார். ஓலை நிறைவேறியது.

வெளியே வேப்பமரத்தடியில் பெரியப்பா காத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. "படத்துல வந்தது எங்களுக்குப் பெரிசில்லம்மா. ஆனா அத்தினி பேர் முன்னாடி பொய் பேசினேன்னு ஒத்துக்கினீங்களே?"

"ஐயா, அது பொய் இல்லீங்க. பொண்ணு வாழ்க்கைக்காக அப்படிச் சொன்னேன்."

"அப்ப ஆண்டவர் சந்நிதிலயே பொய் சொன்னீங்களா?"

அந்த வாரமே ஆலங்காயத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெங்களூரில் குளிரூட்டிய அரங்கில் படம் ஓடியது. அங்கே அதிகக் கைதட்டல் கோழிக்குத்தான். அந்தப் பகுதியை வெட்டிவிடு என்று குணாவிடம் கெஞ்சினேன். "அதான்டா படத்தோட உயிர்" என்றான். ப்ரொஜெக்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

இனி, கேட்டவருக்கு விவரம். வேலூரில் தங்கிக்கொண்டு குடியாத்தம், ஆம்பூர் இரண்டுக்கும் போய்வருவது சுலபம். கம்பெனி பஸ்கள் வந்து சேரும் நேரத்துக்கு முன்னால் கிராமங்களில் படம் தொடங்காதீர்கள், நாற்காலிகள்தான் பார்க்கும். நீளமான ஒயர் கொண்டுபோங்கள். படத்தில் பேசியவர் வேண்டாம் என்றால் அந்த ஊரில் இறங்காமலே அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். சிரித்தவர்கள் எல்லோருக்கும் மறுநாள் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது, உங்களுக்கும் ஊருக்குத் திரும்ப பஸ் இருக்கிறது. படத்தில் பேசியவருக்கு அந்த ஊர் மட்டும்தான்.

இந்த ஜனவரியில் தனியாகப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். கிரேஸி இப்போது அதே கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் இருக்கிறாள். எனக்கு டீ வைத்துக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். எப்படியாவது குணாவின் காலில் விழுந்தாவது அந்தப் பகுதியை எடுக்க வைக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இப்ப எதுக்கு தம்பி வெட்டறது? எம்பொண்ணு கல்யாணம் போனது போனதுதான். அதுலயாவது நான் நெசம் பேசிக்கினு இருக்கேன், வுடு."