உப்புக் குறைத்த ரசமும் உப்பளத்து நாக்கும்

இன்று புதுச்சேரியிலிருந்து மரக்காணம் திரும்பிய பஸ்ஸில் நான், என் கணவர், முன் சீட்டில் உப்பளத்தில் இவரிடம் வேலை செய்யும் காவேரி. நான் பொய் சொன்னால் கேட்க மற்ற இருவரும் இருக்கிறார்கள்.

டாக்டரிடம் போய் வந்தோம். நோன்பு மாதத்தில் இறங்கியிருந்த இவருடைய பிரஷர் மறுபடியும் ஏறியிருக்கிறது. "வீட்ல உப்பைக் குறைங்கம்மா. இல்லன்னா மாத்திரையைக் கூட்டணும்" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நானோ ஸ்பூனால் அளந்து உப்பு போடுகிறவள். பஸ்ஸில் அதைச் சொல்லிப் புலம்பினேன். காவேரி திரும்பிச் சிரித்தாள்.

"வீட்ல குறைச்சு இன்னாக்கா ஆவும்? உப்புல கசப்பு இருக்குதான்னு ஒவ்வொரு குவியல்லயும் ஒரு உப்புக் கல்லு வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் பாய் லோடு ஏத்துவாரு. நோன்பு மாசம் மட்டும் என்னைப் பாக்கச் சொன்னாரு. என் வாயே வெந்துபோச்சு!"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அது தொழிலும்மா. சாப்பாட்டுல சேராது."

என் ரசத்தை மட்டும் "சப்புன்னு இருக்குது" என்று முகம் சுளித்துக் குடிக்கிற வாய் இது. அல்லாஹ்வுக்குப் பயந்து ஒரு மாதம் பகலில் உப்புக் கல்லைத் தொடாமல் இருந்தது. டாக்டருக்குப் பயப்படாதாம். எனக்கு எப்படிப் பயப்படும்?

உப்பு வியாபாரத்தில் இருப்பவர்களே, வாயில் போடாமல் கசப்பைக் கண்டுபிடிக்க வழி உண்டா? காவேரியின் வாயும் வேண்டாம். நாளை விடிந்ததும் லோடு. இன்றைக்குள் பதில் போடுங்கள்.