மூன்றாவது மாடிக் கடல்

லிப்ட் மெக்கானிக்குக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் வேலை பார்க்கும் பதினோரு கட்டடங்களின் காவலாளிகளுக்கும் இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்குப் போய்வந்தார் என்றால், திங்கட்கிழமை காலையில் அவர் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தமே வேறாக இருக்கும்.

சகலை கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், சிரித்துப் பேசுவார், யாருக்கு என்ன ஒன்று என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். நல்லவரைப் பார்த்து வயிறு எரிவதில் ஒரு சங்கடம் உண்டு. எரிகிறவனுக்கே தன்மேல் எரிச்சல் வரும், அந்த எரிச்சலும் போய் சகலை கணக்கிலேயே சேரும்.

சகலைக்கு ஒரு தீவு ரிசார்ட்டில் டைம்ஷேர் இருந்தது. வருஷத்தில் ஒரு வாரம், படகில் போய் இறங்கி, கடற்கரையில் தங்கிவிட்டு வருகிற உறுப்பினர் உரிமை. ஆறு வருஷமாகப் போகிறார். போய்வந்ததும் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டு, டீ.வி.யில் போட்டோக்களை ஓடவிடுவார். ஈஸி சேரில் சகலை. தொப்பியோடு சகலை. தொப்பி இல்லாமல் சகலை. ஒவ்வொரு படத்திலும் பின்னால் கடல். மெக்கானிக் 'நல்லாருக்கு, நல்லாருக்கு' என்று மென்று விழுங்குவார். பக்கத்தில் அவர் மனைவி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் "அத்தான் சொன்னாரு, அங்க தண்ணி முழங்கால் அளவுதானாம். அத்தான் சொன்னாரு, மணல் மாவு மாதிரி இருக்குமாம்" என்று வருவாள். ஒருமுறை மெக்கானிக் எண்ணிப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசலுக்குள் பதினான்கு 'அத்தான் சொன்னாரு.'

வீடு மூன்றாவது மாடியில். ஐம்பத்தி நாலு படி. ஊரெல்லாம் லிப்ட் பார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி இல்லை. மனைவி மட்டும் சிரிப்பதில்லை. ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கிறாள். மேஜைமேல் வந்து விழுகிற சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று நாள் முழுக்க நின்றபடியே பார்க்கிற வேலை. மாலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, ஒரே காலை முன்வைத்து ஏறுவாள். முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறுவதைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு என்ன, அவர் தரைத்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வருஷம் ஒரு நாள் ஷாப்பிங் மாலில் யாரோ சீட்டு நிரப்பச் சொல்ல, பரிசு விழுந்திருக்கிறது வாருங்கள் என்று போன் வந்தது. மனைவியோடு போனால், பரிசு ஒரு பிளாஸ்க். அதை வாங்க இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். டை கட்டிய விற்பனையாளன் பேசப் பேச, மெக்கானிக்குக்கு அது சகலை போகும் அதே தீவு என்று புரிந்தது. பிளாஸ்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். அவன் போகிறபோக்கில் கேட்டான்.

"உங்க சொந்தத்துல யாராவது மெம்பரா இருக்காங்களா சார்?"

சொன்னார். அவன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான்.

"ஓ, அவங்களா! அவங்களோடது கார்டன் வியூ சார். தோட்டத்தைப் பார்த்த ரூம். இன்னிக்கு நீங்க சேர்ந்தா மேல மூணாவது மாடியில, பால்கனியோட, கடலைப் பார்த்த ரூமே தரலாம்."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் ஆறு வருஷமாக அந்தப் போட்டோக்களில் இருக்கும் கடல்? மனிதர் ஒவ்வொரு முறையும் அறையை விட்டு வெளியே நடந்து போய் எடுத்திருக்கிறார்! மனைவி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் பேனா மூடியைக் கழற்றியாயிற்று. விற்பனையாளனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் காட்டியது ஒரு அறையை. இவர் வாங்கியது சகலையின் முகம் சுருங்குவதை.

அன்றிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். மோட்டார் அறையில் கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். ரிசார்ட்டுக்குப் போன் செய்து, எந்த வாரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, சகலை வழக்கமாகப் போகிற அதே வாரத்தைச் சொன்னார். தனியாகப் போய் நிம்மதியாக இருக்கலாமே என்று நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் மேலே பால்கனியில் நிற்கும்போது கீழே தோட்டத்தில் பார்ப்பதற்கு ஆள் வேண்டாமா?

கம்பெனியிலிருந்து ஒரு சர்வீஸ் அட்டையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு லிப்டின் மோட்டார் அறையிலும் ஆணியில் தொங்குமே, தேதி, நேரம், செய்த வேலை, கையெழுத்து என்று கட்டம் போட்ட அட்டை, அதுதான். ஏழு நாள் ஓய்வையும் அதில் எழுதினார். படகுத்துறையில் இறங்குவது. அறைச் சாவி வாங்குவது. மாலை நாலரைக்கு, டீயுடன் பால்கனியில் நிற்பது. நாலரை எப்படி வந்தது என்றால், சகலை நாலரைக்குப் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்காருவார். அது போட்டோக்களின் மூலையில் பதிந்த நேரத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஏழு நாளும் நாலரைக்கு அந்த வரி இருந்தது. முதல் நாள் மட்டும் அதன் பக்கத்தில் 'கை அசைப்பது' என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தார்.

மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு, "ஓய்வெடுக்கறதுக்குக் கையெழுத்து எதுக்குங்க?" என்றாள்.

"அப்புறம் எடுத்தோமா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே. படகு எத்தனை மணிக்கு, துணி என்ன எடுத்துக்கணும்னு. அத்தான் போன தடவை சொன்னாரு..."

"இத பாரு. இந்த ஒரு விஷயத்துல அத்தானும் வேணாம் பொத்தானும் வேணாம். அவங்ககிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. நாம போறோம்கறதே தெரியக் கூடாது."

"கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

குறைந்துதான் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றைக் கேட்டால் சகலை பத்தைச் சொல்வார். கடைசியில் தங்கள் முதல் பயணமும் அவர் போட்ட பாதையில் அவர் செருப்புத் தடத்தில் நடப்பதாக முடியும். 'யாரிடமும் எதையும் கேட்பதில்லை' என்று அட்டையின் முதல் கட்டத்திலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். மனைவி வெளிர்நீலத்தில் ஒரு பருத்தி உடை தைத்துக்கொண்டாள், முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொள்ள நாடா வைத்து. எதற்கு அந்த நாடா என்று அவர் கேட்கவில்லை.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சகலையும் மச்சினியும் சாப்பிட வந்தார்கள். ஐம்பத்தி நாலு படி ஏறி வந்த சகலை, மூச்சு வாங்கிக்கொண்டு வழக்கமான ஜோக்கைச் சொன்னார். சாப்பாடு பாதி ஆகும்போது, "அடுத்த வாரம் தீவுக்குக் கிளம்பறோம்" என்று ஆரம்பித்தார். மெக்கானிக் மூன்று மாதமாக இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தார்.

"நாங்களும்தான் சகலை," என்றார், குழம்பைப் பார்த்தபடி. "அதே வாரம். மூணாவது மாடி குடுத்திருக்காங்க. கடலைப் பார்த்தது."

சகலையின் கை தட்டிலேயே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. "ஓ" என்றார். ஒரே ஒரு 'ஓ'. ஆனால் என்ன ஓ! மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த ஓவைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டலாம் போலிருந்தது.

மச்சினிதான் கெடுத்தாள்.

"மூணாவது மாடியா? அங்க லிப்ட் கிடையாதே தம்பி!"

மெக்கானிக் சிரித்தார். "அதெப்படி? அவ்வளவு பெரிய ரிசார்ட். லிப்ட் இல்லாம யாராவது மூணு மாடி கட்டுவாங்களா?"

"நீங்க எதுல குடியிருக்கீங்க?"

மச்சினி தன் தங்கையின் பக்கம் திரும்பி, "எங்களது கீழேயே. கதவைத் திறந்தா புல்லு, பத்தடி வெச்சா மணல். உன் முட்டிக்கு அதுதான்டி சரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். மனைவி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். கணவனைக் காட்டிக்கொடுக்காத அந்த எழுந்துபோதல் மெக்கானிக்கின் மூக்கை இன்னும் நன்றாக உடைத்தது.

அவர்கள் போனதும் ரிசார்ட்டுக்குப் போன் போட்டார். எடுத்த பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். ஆமாம் சார், பழைய கட்டடம், லிப்ட் இல்லை. தரைத்தளம் அந்த வாரம் முழுக்க நிரம்பிவிட்டது. உறுப்பினர்கள் தங்களுக்குள் அறையை மாற்றிக்கொள்ளலாம், இருவரும் சம்மதம் சொன்னால் போதும். தரைத்தளத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா சார்?

முப்பது வருஷம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அவர் கண் தேடுவது லிப்டைத்தான். கல்யாண மண்டபத்தில் மணமக்களைப் பார்க்கும்முன் லிப்டின் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பவர். தன் வீட்டுக்காரியைக் கூட்டிப்போகிற இடத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கண்ணை மறைத்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்குத் தொப்பி போட்ட ஒரு முகம் இருந்தது.

உள்ளே மனைவி முட்டியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நீல உடை பக்கத்தில் மடித்துக் கிடந்தது.

"கவலைப்படாதீங்க," என்றாள். குத்திக் காட்டுகிற குரலே இல்லை. "ஒரு தடவை மெதுவா மேல ஏறிடறேன். அப்புறம் ஏழு நாளும் கீழ இறங்காம இருந்துட்டாப் போச்சு. சாப்பாடு மட்டும் நீங்க கொண்டாந்து குடுத்துடுங்க. கடல் தெரியுமில்ல, பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"பார்த்துக்கிட்டா?"

"போட்டோவுலதான் ஆறு வருஷமா பார்க்கறேன். இது கொஞ்சம் பெரிசா தெரியும்." பிறகு நாடாவை விரலில் சுற்றியபடி சொன்னாள். "தண்ணியில காலை வெச்சுக்கிட்டு நிக்கணும்னு ஒரு ஆசை. வேலையில நிக்கற மாதிரி இல்லாம, சும்மா. பரவாயில்ல, விடுங்க."

மெக்கானிக் கூடத்துக்கு வந்து சர்வீஸ் அட்டையை எடுத்துப் பார்த்தார். ஏழு நாள், நாற்பத்தி இரண்டு வரி. பால்கனி ஏழு தடவை இருந்தது. கடலில் கால் வைப்பது ஒரு இடத்திலும் இல்லை. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. அப்போதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்தக் கோபத்தில் பாதியைச் சகலைமேல் போட வழியுண்டா என்று ஒரு மூலையில் மனசு தேடிக்கொண்டுதான் இருந்தது. கிடைக்கவில்லை.

போனை எடுத்தார். வைத்தார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். மறுபடி எடுத்தார்.

"சகலை... வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இப்பதான் வந்தோம். சொல்லுங்க சகலை."

"ஒரு உதவி." இந்த ஒரு சொல் வெளியே வர, பழுதான கதவை இரண்டு கையாலும் பிளக்கிற பாடு பட்டது. "உங்க ரூமை எங்களுக்கு மாத்திக் குடுக்க முடியுமா? இவளால ஏற முடியாது. எங்களோடதை நீங்க எடுத்துக்குங்க."

மறுத்துவிடுவாரோ? மறுத்தால்கூடத் தேவலை, கடைசியில் வெறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைத்தார். உடனே உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வேண்டாம், மறுக்கக் கூடாது என்று நினைத்தார்.

"நெசமாவா சகலை?" குரல் தழுதழுத்தது. "கடலைப் பார்த்த ரூம்... அதையா குடுக்கறேங்கறீங்க? ஆறு வருஷமா மாத்திக் குடுங்க, மாத்திக் குடுங்கன்னு ரிசார்ட்காரங்க காலைப் பிடிக்காத குறை. மத்தியானம் நீங்க சொன்னதும் எனக்குச் சோறே இறங்கலை, தெரியுமா? வர்ற வழியெல்லாம் உங்க மச்சினி என்னைக் கிண்டல் பண்ணிட்டு வந்தா. படுத்துக்கிட்டே கடல் தெரியுமா சகலை?"

இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு குரலைக் கேட்க வேண்டும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஏங்கியிருப்பார்! வந்தேவிட்டது. கையை விட்டுப் போகிற நேரம் பார்த்து வந்தது. இனி நாலரைக்கு மேலே நிற்கப்போவது யார், கீழே இருந்து அண்ணாந்து பார்க்கப்போவது யார் என்று மெக்கானிக் ஒரு கணத்தில் எல்லாவற்றையும் கண்டுவிட்டார். அந்தத் தொப்பி உட்பட. வயிறு நன்றாகவே எரிந்தது.

"தெரியும் சகலை," என்றார். "படுத்துக்கிட்டே தெரியும்."

சகலை உற்சாகமாகி, படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பதில் தொடங்கி, தண்ணீர் எத்தனை மணிக்கு அமைதியாக இருக்கும் என்பதுவரை அள்ளிவிட்டார். மெக்கானிக் குறுக்கே பேசவில்லை. சர்வீஸ் அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இரண்டு இடத்தில், திரும்பச் சொல்லுங்கள் என்றுகூடக் கேட்டார்.

போனை வைத்ததும் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"யாருங்க போன்ல?"

மெக்கானிக் அட்டையோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அத்தான் சொன்னாரு," என்று வாசிக்க ஆரம்பித்தார், "காலையில ஏழு மணிக்குத் தண்ணி முழங்காலுக்குக் கீழதான் இருக்குமாம். வாசல்லேருந்து கடல் வரைக்கும் ஒரு படிகூடக் கிடையாதாம்."