சாட்சி சொல்லப் போன பஸ்

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயை மூடிக்கொண்டு, ஒரு குழந்தை பேசும்வரை காத்திருப்பதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுக்கவும், அவர்களோடு போலீஸ், கோர்ட் என்று அலையவும் ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பியிருந்தது. மலையில் எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படி வளப்பூர் நாட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை. அவளிடம் அக்கிரமம் செய்தவன் அதே ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தான். ஜாமீனில் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் கடையில் உட்கார்ந்துவிட்டான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர்க்காரர்களோ குழந்தையின் அம்மாவிடம், "கோயில்ல கூட்டம் போட்டுப் பேசி முடிச்சிருக்கலாமில்ல, கோர்ட்டு எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டே அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவாள். காயப்போட்ட மிளகைக் கிளறியபடி, சுவரைப் பார்த்து, நடந்ததையெல்லாம் என்னிடம் சொன்னாள். எதிரே போய் உட்கார்ந்தால் அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். போகும்போதெல்லாம் என் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கவாட்டுக்கு நகர்த்திப் போட்டேன். பாதி முகம் தெரிகிற அளவுக்கு வந்தோம். அதற்குள் விசாரணை நாள் வந்துவிட்டது. அரசு வக்கீல் போனில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "பாப்பா வாயத் தொறக்குமாங்க? இல்லைன்னா கேசு நிக்காதுங்க."

ஊரிலிருந்து காலையில் கோர்ட் இருக்கும் நாமக்கல்லுக்கு ஒரே பஸ். அவனும் அதில்தான் வருவான். அதனால் ஜீப்புக்குச் சொல்லி வைத்திருந்தேன். முந்தின நாள் ஜீப்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். கடைக்காரரு எங்க பங்காளிங்க." மகராசனா இருங்க என்று கதவைச் சாத்தினேன். வேறு வழியில்லை, பஸ்தான்.

பஸ்ஸில் நெருக்கியடிக்கிற கூட்டம். அம்மாவும் குழந்தையும் முன்னால் ஏறிவிட்டார்கள். நான் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே பின்படிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். அவன் முன்பக்கம் சட்டமாக உட்கார்ந்திருந்தான். மலைப் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிற பிள்ளை வளைவில் விழுந்துவிடுமென்று, உட்கார்ந்திருப்பவர் யாராவது மடியில் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளையை யாரும் கேட்பதில்லை. கண்டக்டர் புதியவர், விவரம் தெரியாது. நல்ல மனதோடுதான் குழந்தையின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"வா கண்ணு, இந்த அண்ணன் மடியில உக்காந்துக்க."

அவன் காலைச் சேர்த்து இடம் பண்ணினான். அடப் பாவி!

"ஐயோ, விடுங்க, விடுங்க!" என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

குழந்தை கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்து வீறிட்டாள். "இவரு மடியில உக்கார மாட்டேன்! இவருதான் என்னையக் கெட்டது பண்ணுனாரு!"

கண்டக்டர் கையை எடுத்துக்கொண்டார். யாரோ ஒரு பெண் எழுந்து, "நீயே உக்காரு சாமி" என்று தன் இடத்தைக் கொடுத்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாமக்கல் வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் குறைந்ததும் நான் பக்கத்தில் போய்த் தண்ணீர் வேண்டுமா என்றாலும் தலையாட்டல்தான். இருந்த தெம்பெல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துபோயிற்றோ என்று பயந்தேன்.

நீதிபதி சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். என்னை மட்டும் ஓரமாக உட்கார விட்டார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவள் மெல்லிய குரலில் பதில் சொன்னாள். பிறகு அவன் வக்கீல் எழுந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டார்.

"இப்படியெல்லாம் சொல்லோணும்னு டீச்சர்தானே பாப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

குழந்தை என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வக்கீலை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லீங்க. பஸ்ல டீச்சர் ரொம்பத் தள்ளி நின்னாங்க. அம்மாவும் பேசலீங்க. யாருமே சொல்லலைன்னுதான் நானே சொன்னேன்."