பாதிப் பேர் காணாமல் போன படகு

மிளகுக் கிடங்கு வேலை முடிந்து வந்த அக்கா, காலை நீட்டிக்கொண்டு புலம்பியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"ஒவ்வொரு சாக்குக்கும் ஈரம் பாக்க மாடி ஏறி ஏறி கால் முட்டே தேஞ்சு போச்சுடி. பாக்கறது ஒரு நிமிஷம், ஏறி இறங்கறது பத்து நிமிஷம். இன்னிக்குத்தான் ஈரம் பாக்கற மீட்டரை மாடியிலருந்து எங்க மேசைக்கே கொண்டுவந்து வச்சாங்க."

அட, என் கம்பைலரும் இப்படித்தானே மாடி ஏறுகிறது!

கடைசி வருட ப்ராஜெக்டுக்காக நானே ஒரு குட்டி மொழியும், அதை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் கம்பைலரும் எழுதியிருந்தேன். ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: வரிசையில் நிற்பவர்களைப் படகில் ஏற்றிக் காட்ட அந்த மொழியில் நான் எழுதிய படகுத்துறை நிரல் வெள்ளிக்கிழமைக்குள் பாதி நேரத்தில் ஓட வேண்டும். இல்லையென்றால் இதை மூட்டை கட்டிவிட்டு நூலகத்துக்கு வெப்சைட் செய்ய வேண்டியதுதான்.

அந்த நிரலில் ஒரு குட்டி ஃபங்ஷன். பயணியின் சீட்டைச் சரிபார்க்கும், படகில் ஏற்றும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பயணிக்கும் இயந்திரம், நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த ஃபங்ஷனுக்குத் தாவி, வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும். தாவவே வேண்டாமென்று, அழைக்கும் இடத்திலேயே அந்த வரிகளைக் கம்பைலர் ஒட்டும்படி செய்துவிட்டேன். சரியாகப் பாதி நேரம்! நான் குதித்த குதியில் சாயா கொட்டியது.

திரையை எட்டிப் பார்த்த அக்கா கேட்டாள்: "வரிசையில நூறு பேர், படகுல அம்பது பேரு. மிச்சப் பேரைக் காயல்ல தள்ளிட்டியா?"

தள்ளித்தான் விட்டிருந்தேன். ஃபங்ஷனுக்குப் பயணியைக் கொடுக்கும் 'அடுத்தவரைக் கூப்பிடு' என்பதையும், உள்ளே பயணி வரும் இரண்டு இடத்திலும் அப்படியே ஒட்டியிருந்தேன். ஒருவரைக் கூப்பிட்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஏற்றுவதற்கு இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கிறது! பாதி ஆள், அதனால்தான் பாதி நேரம்.

"நல்ல எஞ்சினியர் போ," என்றாள் அக்கா.

ஒருமுறை மட்டும் கூப்பிட்டு, வந்தவரை ஒரு மாறியில், அதாவது வேரியபிளில், பிடித்துவைத்துவிட்டு, பிறகு ஒட்டினேன். நூறு பேரும் ஏறினார்கள், நேரமும் ஏறிவிட்டது. பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு குட்டி ஃபங்ஷன்களையும் அதேபோல் ஒட்டியபிறகு, மயிரிழையில் பாதிக்குக் கீழே இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கம்பைலரையே தொடரலாம் என்றார். எழுந்து போகும்போது, தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனை எப்படி ஒட்டுவாய் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒட்டிய வரிகளுக்குள்ளும் அதே அழைப்பு இருக்குமே, முடிவே வராதே!

மூன்று அடுக்கு மட்டும் ஒட்டிவிட்டு, நான்காவதைப் பழையபடி தாவவிடப் போகிறேன். எண்ணிக்கை பிசகி ஒட்டிக்கொண்டே போனால் கணினியே முடங்கிவிடும்; அதற்குமுன் திறந்திருக்கும் கோப்புகளையெல்லாம் சேமித்துவிட வேண்டும்.