கிக்கரில் கட்டிய துணி

என் சம்பந்தியை நான் ஒரு நாளும் 'சம்பந்தி' என்று கூப்பிட்டதில்லை. 'இங்கே பாருங்கோ' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். அதில் மரியாதை இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

அவர் கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் மகள் அவர் மகனைக் காதலித்து மணந்தபோது மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை அரசாங்கத்தார் இடித்து, ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கே வைக்க இடமில்லாமல் நின்றது அவருடைய பழைய மோட்டார் சைக்கிள்.

"நம்ம மயிலாப்பூர் வீட்டு போர்ட்டிகோ சும்மாத்தானே இருக்கு, அப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணுங்களேன்" என்றாள் மகள். மறுக்கத் தைரியமில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருவார். தாராளமாகச் செலவழிக்க இருவருக்கும் வசதி இல்லை. புதுப்பேட்டையில் பழைய சாமான்களைக் கிளறி வாங்கினோம். டேங்குக்குள் புளித்தண்ணீரும் ஜல்லியும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உலுக்கித் துருவை எடுத்தோம். சண்டை போடாமல் நாங்கள் செய்த ஒரே வேலை அதுதான். மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை.

எஞ்சினில் தீப்பொறி விழும் டைமிங்கை நான் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவில் செருகி, அது நழுவும் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டார்.

"இன்னா சார், வண்டிக்குப் பரீட்சை வெச்சிகினு கீறீங்க? அது பாஸாயி ரொம்ப வருசம் ஆவுது."

"கணக்கு தப்பாது" என்றேன்.

"கணக்கு தப்பாது சார். கை தப்பும். உங்க கையில ஒரு பொட்டு கிரீஸ் படல பாருங்க."

அவருக்குக் காப்பி போர்ட்டிகோவுக்கே போகும். கை கழுவத் தோட்டத்துக் குழாய். அத்தனை ஞாயிறுகளில் ஒரு முறைகூட அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை. அவரும் வாசற்படியைத் தாண்டப் பார்த்ததில்லை.

ஸ்டுடியோவில் ஒருவன் கேபிளில் கை வைத்திருக்கும்போது மெயின் சுவிட்சில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்களாம். கட்டியவனே வந்து அவிழ்க்கும்வரை டைரக்டர் கத்தினாலும் யாரும் அதைத் தொட மாட்டார்களாம். இதை அவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டேன்.

வேலை முடியும் தறுவாயில், ஒரு ஞாயிறு கிளம்பும்போது அப்படியொரு துணியை, வண்டியை உதைத்துக் கிளப்பும் கிக்கரில் கட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்டைச் சாத்த எழுந்துவிட்டேன்.

என் வீட்டில், என்னைப் பார்த்து 'தொடாதே' என்று சொல்ல இவர் யார்? மூன்று நாள் அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தேன். புதன்கிழமை கத்தரிக்கோலால் வெட்டி, முறத்தில் தள்ளிக் குப்பையில் போட்டேன். கையால் தொடவில்லை.

நாலாவது உதையில் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து கை தட்டினார். ஐந்து நிமிஷம் ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருப்பேன். இரும்பை இரும்பு கடிப்பதுபோல ஓர் ஓசை. நின்றுவிட்டது. அதன்பின் கிக்கர் இறங்கவே இல்லை. எஞ்சினில் சொட்டு ஆயில் கிடையாது. பழையதை அவர் வடித்துவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புது ஆயில் டப்பாவோடு வந்தார். மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், நின்றுவிட்டது என்று சொன்னேன்.

"துணி கட்டிட்டுத்தானே போனேன்?"

"எந்தத் துணி?" என்றேன்.

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் தேடினார். மாப்பிள்ளை சீறினார். "கட்டணும்னு நெனச்சிருப்ப நைனா, மறந்துட்டிருப்ப. ஆயில் இல்லாத வண்டிய இப்பிடியா வுட்டுட்டுப் போவ?"

"இல்லடா, ரெண்டு முடிச்சு போட்டேன்டா."

"போகட்டும் விடுங்கோ, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன் நான். பெருந்தன்மையான குரலில் சொன்னேன். அதை எழுதக் கை கூசுகிறது.

அவர் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "மறந்துட்டனோ இன்னாவோ" என்றார். அப்புறம் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து மகள் சொன்னாள். "மாமா இப்போ யார் வீட்டுக் கரண்ட் வேலைக்கும் போறதில்லப்பா. மறதியில யாரையாவது கொன்னுடுவேனோன்னு பயப்படறார்." அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் அவர்தான் எலக்ட்ரீஷியனாம். எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டு பஸ் மாறிப் போய், நாலு மாடி ஏறினேன். தனியாக இருந்தார். உள்ளே நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"துணியை நான்தான் வெட்டினேன். என்னத்துக்குக் கட்டியிருக்கேள்னு தெரிஞ்சேதான் வெட்டினேன்."



"வண்டி போனா போவுது சார். கேஸை மூடினேனா, மூடினேனான்னு தெனம் பத்து தபா போய்ப் பாத்துகினு கீறேன். வூட்டுச் சாவிய எங்கையில குடுக்க மாட்டேன்றா என் பொண்டாட்டி."

மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த நீங்களே வெச்சிக்கங்க. என் புள்ளைக்குப் போன் போட்டு அவனாண்ட சொல்லுங்க. நான் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன்.  பிறகு மாப்பிள்ளை, "நைனா கிட்ட குடுங்க" என்றார். அவர் போனை வாங்கவில்லை. பரணிலிருந்து ஒரு பையை இறக்கி, தூசி தட்டி, டெஸ்டரை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார்.

"மூணாவது மாடி அம்மாவுக்கு ஃபேன் சுத்தாம கெடக்குது. போயிருக்கேன்னு அவனாண்ட சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். என்னை இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கதவு திறந்தே கிடந்தது. கடைக்குப் போயிருந்த அவர் மனைவி வரும்வரை அங்கேயே நின்றேன்.