நான் அடித்த ஈ

ஆங்கில நாளிதழ் ஒன்றின் கொல்கத்தா அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் எழுதுவதை வெட்டித் திருத்தி, தலைப்புப் போட்டுப் பக்கத்துக்கு அனுப்புவது என் வேலை. டெஸ்க்கில் இருப்பவர்களின் பெயர் பேப்பரில் வராது. அங்கே நான் ஒருவன்தான் தமிழன். அப்பா துறைமுக வேலைக்காக இங்கே வந்தவர். அவரும் அம்மாவும் போன பிறகு, ஜாதவ்பூர் ஃபிளாட்டிலும் தமிழ் பேச ஆள் இல்லை. டெஸ்க் வேலைக்கு வருகிறவர்களுக்கு என் திருத்தங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

1. மெல்வில்கஞ்ச்

ஞாயிறு பக்கத்தில் சிற்றூர்கள் உருவான கதை தொடராக வந்துகொண்டிருந்தது. ஷுப்ரோ என்ற நிருபர் ஹூக்ளிக் கரையில் உள்ள மெல்வில்கஞ்சைப் பற்றி எழுதினார். மெல்வில் என்ற வெள்ளைக்கார ஏஜென்ட் முதலில் ஒரு படகுத்துறை கட்டினார். பின்னால் சணல் கிடங்கு வந்தது, அதற்குப் பின்னால் ஆலை, ஆலைக்கு ஆள் வேண்டுமென்று கூலி லைன்கள் என்ற வரிசை வீடுகள். பிறகு சந்தை, போலீஸ் சாவடி, கடைசியில் ரயில் நிலையம். ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. கடைசி லைனுக்கு மட்டும் இன்னும் மதராஸ் லைன் என்றே பெயர்.

"ராஜன்தா, ஆலையோட முதல் மேப்பையே பார்த்துட்டேன். அதுல இருக்கறத ஒரு எழுத்துகூட மாத்தாம போட்டிருக்கேன்" என்றார் ஷுப்ரோ. வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன், பெயரோடு சேரும்போது வெறும் 'தா'.

"ஈயடிச்சான் காப்பியா?" என்றேன், தமிழில்.

அவர் விழித்தார். மூலத்தில் ஒட்டியிருந்த செத்த ஈக்காக, நகலிலும் ஓர் ஈயை அடித்து ஒட்டியவனின் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மேப்பில் மதராஸ் லைன் முனையில் ஒரு புள்ளியும் அதன் பக்கத்தில் ஒரு சொல்லும் இருப்பதாக எழுதியிருந்தார். பி, ஐ, எல், எல், ஈ, ஏ, ஆர். 'பில்லர்' என்ற சொல்லில் ஓர் 'ஈ' அதிகமாக விழுந்திருக்கிறது என்று நினைத்து அதை அடித்தேன். லைனின் முனையில் இருப்பது எல்லைத் தூணாகத்தான் இருக்க வேண்டும் என்று 'எல்லை' என்ற சொல்லையும் சேர்த்தேன். பத்து விநாடி ஆகியிருக்கும்.

2. பூர்ணிமா

நான்கு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, என்னைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகக் கீழேயிருந்து போன். வரவேற்பறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் எங்கள் கட்டுரையை மடியில் வைத்திருந்தார். பெயர் பூர்ணிமா, மெல்வில்கஞ்சில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பேசியதெல்லாம் வங்காளத்தில்.

"தாதா, எங்க சாமிய தூணாக்கிட்டாங்க உங்க பேப்பர்ல. மதராஸி ஒருத்தர் இருக்காருன்னு கேட்ல சொன்னாங்க. அதான் உங்களக் கூப்பிடச் சொன்னேன்."

"என்ன சாமி?"

"பில்லெயார்."

"கணேஷா?"

"கணேஷ் சந்தையில இருக்கற சாமி, நம்மளுது பில்லெயார்ன்னு அப்பா சொல்வாரு. எங்க ஆளுங்கள்ல யாருக்கும் இப்போ மதராஸி பாஷை தெரியாது. இந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்."

பிள்ளையார். அம்மா போன பிறகு, அந்தச் சொல்லை எனக்கு எதிரே இருந்து சொன்னவர் இவர்தான்.

ஆலை நிலத்தை வாங்கியவர்கள் மதராஸ் லைனைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆலை தொடங்கிய நாளிலிருந்தே அங்கே இருக்கிறோம், எங்கள் கோயில் முதல் மேப்பிலேயே உண்டு என்று லைன்காரர்கள் நில அதிகாரியிடம் முறையிட்டார்கள். மேப் ஆலை ஆபீஸில் பூட்டியிருந்தது. நிலம் வாங்கியவர்களின் வக்கீல் எங்கள் கட்டுரையைக் காட்டி, அது வெறும் எல்லைத் தூண், இவர்கள் பிற்பாடு வந்து குடியேறியவர்கள் என்று வாதாடியிருக்கிறார். அடுத்த விசாரணை திங்கட்கிழமை.

"மாத்தினது நான்தான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்களா? பாஷை தெரியாதவங்க யாரோன்னு நினைச்சேன்" என்றார்.

3. இரண்டு வரி

டெஸ்க்கின் சீஃபிடம் போனேன். "நாலு மாசம் ஆச்சு, ராஜன். இப்போ திருத்தம் போடச் சொல்லி யார் கேட்டா?"

"கேட்டவங்க கீழ உட்கார்ந்திருக்காங்க."

"ஆதாரம்?"

ஷுப்ரோ அதற்குள் டெல்லியில் வேறு வேலைக்குப் போயிருந்தார். போன் செய்தேன். "ஒரு எழுத்துகூட மாத்தலன்னு அன்னிக்கே சொன்னேனே, தாதா" என்று சிரித்துவிட்டு, மேப்பின் படத்தை அனுப்பினார். புள்ளியும் 'ஈ'யும் தெளிவாக இருந்தன. மேப்பை வரைந்த வெள்ளைக்கார சர்வேயர் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான்.

சனிக்கிழமை இரண்டாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி வந்தது. மேப்பில் இருப்பது எல்லைத் தூண் அல்ல, பிள்ளையார் கோயில், தவறு டெஸ்க்கினுடையது. அதையும் படத்தையும் பூர்ணிமா விசாரணையில் கொடுத்தார். அசல் மேப்பைக் கொண்டுவரும்படி அதிகாரி உத்தரவிட்டார். அதுவரை லைனில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். விசாரணை இன்னும் நடக்கிறது. வீடுகள் நிற்கின்றன.

தவறாகத் தெரியும் சொல்லைத் திருத்துவதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் அதை வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். டெஸ்க்கில் நான் கற்றதில் உருப்படியானது இதுதான். கற்ற பிறகு எனக்கு மீதமிருந்தது பதினோரு மாத சர்வீஸ்.

அந்த மாதங்களில் ஊர்ப் பெயர், தெருப் பெயர் எது வந்தாலும் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பேன். பக்கத்து மேஜையில் இருந்த பெண் ஒருநாள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"ராஜன்தா, யாரோட பேசறீங்க?"

"நம்ம ஊர்க்காரங்க யாராவது உள்ள இருக்காங்களான்னு கூப்பிட்டுப் பார்க்கறேன்" என்றேன்.