எட்டு மணிக்கு வந்து நிரூபிக்கவும்

எங்கள் கந்தோரில் காலை எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தவர் பிந்தியவர். மூன்று நாள் பிந்தினால் அரைநாள் லீவு போய்விடும். கோடு அடிக்கும் பாக்கியம் நிர்வாக உத்தியோகத்தர் கனகசுந்தரம் ஐயாவுக்கு. கோடு இழுக்கும் அந்த அடிமட்டத்தால்தான் திருகோணமலையே நிமிர்ந்து நிற்கிறது என்பது அவருடைய எண்ணம்.

கோட்டுக்குக் கீழே நிரந்தரமாகக் குடியிருந்தவர் என் பக்கத்து மேசை புஸ்பராணி அக்கா. பதினெட்டு வருட லிகிதர். ஆறு வருடமாக மூட்டுவாதம். விடியும்போது விரல்களும் முழங்கால்களும் விறைத்துக் கிடக்கும். சுடுதண்ணீரில் கையை ஊறவைத்து, சேலைக் கொசுவத்தைப் பிடித்து முடிக்கவே முக்கால் மணித்தியாலம். பிறகு சல்லிக் கிராமத்திலிருந்து பஸ். ஆனால் பத்து மணிக்குமேல் எங்கள் எல்லோரையும்விட வேகமாக ரைப் பண்ணுவார். அதுதான் அவர் செய்த பெரிய குற்றம்.

"பத்து மணிக்கு ஓடியாடி வேலை செய்யிறீங்கள். எட்டரைக்கு மட்டும் வருத்தமோ?" என்பார் ஐயா. மனிதருக்கு வரும் நோய் வருத்தம்கூடக் கந்தோர் நேரம் முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஆவணியிலேயே அக்காவின் அந்த வருட லீவெல்லாம் தீர்ந்தது. இனியும் பிந்தினால் வேலை போகும் என்று கடிதம் கொடுத்தார்கள். வலுவிழந்தவர்களை வேலையில் ஒதுக்கக்கூடாதென்று நாட்டில் சட்டமிருக்கிறதே என்று நான்தான் கிளப்பிவிட்டேன். ஒன்பதரைக்கு வந்து, ஒரு மணித்தியாலம் பிந்திப் போக அனுமதி கேட்டு, வைத்தியரின் கடிதத்தோடு விண்ணப்பித்தார்.

நேரில் பார்த்து விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். தலைவர் வேறு யார், ஐயாதான். விசாரணை செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு.

"விடிய வர ஏலாது எண்டுதானே எழுதிக் குடுத்தனான்?" என்றார் அக்கா.

"வந்தா வருத்தம் இல்லை எண்டுவினம், வராட்டி விண்ணப்பம் இல்லை எண்டுவினம். என்ன மூளையப்பா!" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்து சேர ஒன்பது இருபது. குழு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சமூகமளிக்கவில்லை, ஆகவே நிராகரிப்பு என்று ஐயா படிவத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

"ஐயா, காரணம் எண்ட கட்டம் வெறுமையாக் கிடக்குது" என்றார் அக்கா.

வெறும் கட்டத்தை ஐயா தாங்கமாட்டார். பேனையைத் திறந்து, 'மூட்டு விறைப்பினால் விண்ணப்பதாரியால் காலை எட்டு மணிக்கு வர இயலாது' என்று அழகாக எழுதினார். மூன்று பேரும் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்கள்.

அக்கா பிரதி வாங்கி அதையே மேன்முறையீட்டோடு தலைமைக் கந்தோருக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் அனுமதி வந்தது. ஐயா கோப்பைப் புரட்டி, தன் கையெழுத்தைக் கண்டு திகைத்துப்போனார்.

"இது நான் எழுதினதெல்லோ?"

"ஓம் ஐயா. ஆறு வருசமா நான் சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்லை. நீங்கள் ஒருக்கா எழுதினீங்கள், நம்பிட்டினம்."